பழைய ஆபீஸ் டப்பாவில் கேமிங் பிசி: லாபம் எங்கே, ரிஸ்க் எங்கே?

ஹாஸ்டலில் ஒரு சீனியர் பழைய பார்ட்ஸ் வாங்கி, கேமிங் பிசி அசெம்பிள் பண்ணி, மேலே மூவாயிரம் நாலாயிரம் வச்சு வித்தார்னு நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. "நாமளும் பண்ணலாமே, என்ன பெரிய விஷயம்"னு தோணியும் இருக்கும். பண்ணலாம். அசெம்பிள் பண்றது ஒரு மணி நேர வேலை, யூடியூப் பார்த்தே கத்துக்கலாம். ஆனால் காசு அந்த ஒரு மணி நேரத்தில் வர்றதில்லை. வாங்கும்போது எதைத் தேர்ந்தெடுக்கிறீங்க, விற்கும்போது எதைச் சொல்லி விற்கிறீங்க, இந்த ரெண்டு இடத்தில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கு.

இன்னொண்ணையும் முதலிலேயே சொல்லிடறேன். இந்த மெஷினை உங்ககிட்ட வாங்கப்போறது பெரும்பாலும் உங்களை மாதிரி ஒரு ஸ்டூடன்ட். இல்லேன்னா பிளஸ் டூ முடிச்ச பையனுக்காகக் காசு சேர்த்து வச்சிருக்கிற ஓர் அப்பா. அவருக்கு 25 ஆயிரம் ரூபாய் சின்ன தொகை கிடையாது. அதை மனசுல வச்சுக்கிட்டு மேலே படிங்க.

இப்போ ஏன் பழைய மெஷின் மலிவா கிடைக்குது?

ரெண்டு காரணம். முதல் காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அதற்கு மேல்தான் அதிகாரப்பூர்வமா சேர்த்தி. கூடவே டிபிஎம் 2.0-வும் வேணும். அதனால 6, 7-ஆம் தலைமுறை மெஷின்களைக் கம்பெனிகள் மொத்தமா கழிச்சு விடுறாங்க. ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளோ, ஒரகடம் பக்கத்து ஃபேக்டரி ஆபீஸ்களோ, எங்கே இருந்து கழிச்சாலும் அந்த டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் எல்லாம் கடைசியில் பழைய கம்ப்யூட்டர் கடைகளுக்குத்தான் வந்து சேருது.

ரெண்டாவது காரணம் கிரிப்டோ. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் நெட்வொர்க் தன் முறையை மாற்றியது. அன்றோடு கிராபிக்ஸ் கார்டு வச்சு அதை மைனிங் பண்ற வேலை முடிஞ்சது. உலகம் முழுக்க மைனிங் ரூம்ல ஓடிக்கிட்டிருந்த கார்டுகள் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வந்தன. இன்னிக்கும் நீங்க பார்க்கிற பல ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகளுக்கு அந்தப் பூர்வீகம் இருக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் எதிர்த்திசையில் போகுது: ரேம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கிட்டுப் போனதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிடுச்சு. அதனால ரேமோடு வர்ற மெஷினும், ரேம் இல்லாத மெஷினும் விலையில் ஒண்ணு கிடையாது. "ரேம் தனியா போட்டுக்கலாம்"னு அசால்ட்டா இருக்காதீங்க.

அடித்தளம்: எந்த டப்பா?

ஆபீஸ் மெஷினில் மூணு சைஸ் உண்டு. கையளவு மினி, ஒல்லியான எஸ்எஃப்எஃப், உயரமான டவர். மினியில் கிராபிக்ஸ் கார்டு போடவே இடம் கிடையாது, அதை விட்டுடுங்க. எஸ்எஃப்எஃப்-ல் பாதி உயர கார்டு மட்டும்தான் போகும், அந்த மாடல் கார்டு கிடைக்கிறதும் குறைவு, விலையும் ஜாஸ்தி. கடைக்காரர் எஸ்எஃப்எஃப்-ஐ ஆயிரம் ரூபாய் குறைச்சுக் கொடுத்தாலும், அந்த ஆயிரம் கார்டில் போயிடும். டவர்தான் சரி.

தலைமுறை விஷயத்தில் ஆசைப்பட்டு கீழே இறங்காதீங்க. ஐ5-6500 நாலு கோர். ஐ5-8500 ஆறு கோர், 65 வாட். விலை வித்தியாசம் இருக்கு, ஆனா 8500-க்கு விண்டோஸ் 11 முறையா ஏறும். இது ஏன் முக்கியம்? உங்ககிட்ட வாங்குற பத்துப் பேரில் பாதிப் பேர் வாலரன்ட்டுக்காகத்தான் வாங்குவாங்க. விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் ஆன்ல இல்லேன்னா வாலரன்ட் ஓடாது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏத்திக் கொடுத்து, பையன் வீட்டுக்குப் போய் கேமைத் திறந்தா எரர் வரும். அப்புறம் உங்க போன்தான் அடிக்கும்.

ஏஎம்டியில் ஒரு சின்ன கண்ணி இருக்கு. ரைசன் 2200ஜி, 2400ஜி ரெண்டுக்கும் பேரில் 2000 இருக்கே தவிர, உள்ளே இருக்கிறது முந்தின தலைமுறை டிசைன். விண்டோஸ் 11 லிஸ்டில் அவை கிடையாது.

ஆபீஸ் டப்பாவில் ஒரு பெரிய நன்மை: விண்டோஸ் லைசென்ஸ். பிராண்டட் மெஷினில் ப்ரோ லைசென்ஸ் கீ மதர்போர்டு பயாஸிலேயே பதிஞ்சிருக்கும். அதே எடிஷனை புதுசா இன்ஸ்டால் பண்ணி நெட் கொடுத்தா தானா ஆக்டிவேட் ஆகும். கிராக், ஆக்டிவேட்டர் எதுவும் வேண்டாம். ஆக்டிவேட்டர் போட்டு விற்கிறது சட்டப்படி தப்பு. அதோட எந்த மால்வேரை அடுத்தவர் வீட்டுக்கு அனுப்புறோம்னு நமக்கே தெரியாது.

கிராபிக்ஸ் கார்டு: ஏமாறுவது இங்கேதான்

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியா அதிகபட்சம் 75 வாட் வரும். ஆபீஸ் மெஷின் பவர் சப்ளையில் பெரும்பாலும் 6 பின் வயர் தனியா இருக்காது. அதனால ஸ்லாட் பவரிலேயே ஓடுற கார்டு வேணும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 ரெண்டும் 75 வாட், 4 ஜிபி. ஆனா சில கம்பெனி 1650 மாடல்களில் 6 பின் சாக்கெட் வச்சிருப்பாங்க. படத்தைப் பார்த்து பேரம் பேசிடாதீங்க, கார்டோட மேல் விளிம்பைப் பார்த்துட்டுப் பேசுங்க.

இந்த ரெண்டில் எது? 1050 டிஐ 2016-இல் வந்த பாஸ்கல் டிசைன். 2025 அக்டோபரோடு பாஸ்கலுக்குப் புது கேம் டிரைவர் கொடுக்கிறதை என்விடியா நிறுத்திடுச்சு, செக்யூரிட்டி அப்டேட் மட்டும் 2028 வரை வரும். 2019-இல் வந்த 1650 டூரிங் டிசைன், அதுக்கு டிரைவர் தொடருது. விலை ஆயிரம் ரெண்டாயிரம் கூட இருந்தாலும் 1650-தான் விற்பனைக்கு நல்லது.

டூப்ளிகேட் கார்டு கதை தெரியுமா? ஜிடிஎஸ் 450 மாதிரி ஆதி காலத்துக் கார்டில் பயாஸை மாத்தி, 1050 டிஐ-ன்னு ஸ்டிக்கர் ஒட்டி விற்பாங்க. விண்டோஸ் டிவைஸ் மேனேஜரும் அதை நம்பிடும். ஜிபியூ-இசட் சாஃப்ட்வேர் இப்படிப்பட்ட பல போலி கார்டுகளைக் கண்டுபிடிச்சு பேருக்கு முன்னாடியே 'ஃபேக்'னு காட்டும். பென்டிரைவில் அதைப் போட்டுக்கிட்டே கடைக்குப் போங்க.

ஆர்எக்ஸ் 580 இன்னும் வேகமான கார்டு. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, 580-லேயே 2048எஸ்பின்னு ஒரு வகை இருக்கு. ஒரிஜினல் 580-ல் 2304 ஷேடர், இதில் 2048 மட்டும்தான். அதாவது கிட்டத்தட்ட 570. விலையும் 570 விலையாத்தான் இருக்கணும். ரெண்டு, 580-ன் பவர் 185 வாட். ஆபீஸ் பவர் சப்ளை தாங்காது, அதை மாத்தியாகணும்.

மைனிங் கார்டுன்னாலே குப்பைன்னு சொல்லிட முடியாது. நல்லா பார்த்துக்கிட்ட ஆளா இருந்தா கம்மி வோல்டேஜில் சீரான சூட்டில் ஓட்டியிருப்பார். தேய்மானம் வர்ற இடம் ஃபேன், காஞ்சு போன தெர்மல் பேட், பேஸ்ட், அப்புறம் மெமரி. பயாஸை மாத்தி மெமரி டைமிங்கை இறுக்கி வச்சிருப்பாங்க. அதோட விட்டா கேம் நடுவுல கிராஷ் ஆகும். ஃபேனைக் கையால் சுத்திப் பாருங்க, ஆட்டம் இருக்கான்னு பாருங்க. சிப்பைச் சுத்தி ஃப்ளக்ஸ் பிசுக்கோ, போர்டில் பழுப்பு நிறமோ இருந்தா ஹீட் கன் அடிச்சு உயிர் கொடுத்த கார்டா இருக்கலாம். எவ்வளவு மலிவா இருந்தாலும் கீழே வச்சுட்டு நடையைக் கட்டுங்க.

பவர் சப்ளை: இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க

மத்த எல்லாமே பழசு வாங்கலாம். தனியா எஸ்எம்பிஎஸ் வாங்குறதா இருந்தா புதுசுதான். உள்ளே இருக்கிற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் சூட்டில் வருஷக்கணக்கா காஞ்சிருக்கும். சும்மா ஆன் பண்ணி காட்டும்போது நல்லாத்தான் இருக்கும். கேமில் திடீர்னு லோடு ஏறும்போதுதான் தன் குணத்தைக் காட்டும், போகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கிட்டுப் போகும்.

கணக்கு எளிது. ஐ5-8500-க்கு 65 வாட், ஆர்எக்ஸ் 580-க்கு 185 வாட், ரேம், எஸ்எஸ்டி, ஃபேன், போர்டு எல்லாத்துக்கும் சேர்த்து 50 வாட்னு வச்சா மொத்தம் 300. நல்ல கம்பெனி 450 அல்லது 500 வாட் போதும். 1650-ஆக இருந்தா 190 வாட்தான் வரும், 290 வாட் ஒரிஜினல் சப்ளையிலேயே ஓட்டிடலாம். இன்னொரு தலைவலி: பல ஆப்டிப்ளெக்ஸ் மாடல்களில் மதர்போர்டு பவர் கனெக்டர் வழக்கமான 24 பின் கிடையாது, டெல்லோட சொந்த 8 பின். புது சப்ளை போடணும்னா அடாப்டர் வயர் தேவைப்படும். வாங்கும் முன்னாடியே மூடியைத் திறந்து பார்த்துடுங்க.

எஸ்எம்பிஎஸ்-ஐ மட்டும் பிரிக்காதீங்க. 230 வோல்ட் ஏசி நேராக்கினா உச்சம் 325 வோல்ட் டிசி. பிளக்கை உருவின பிறகும் அது கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும்.

வாங்கற இடம்

நம்ம பக்கத்துக்கு ரிட்சி ஸ்ட்ரீட்தான். படப்பையிலிருந்து மண்ணிவாக்கம், முடிச்சூர் வழியா தாம்பரம் வந்து, மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன். அங்கே எதிரே சென்ட்ரல் மெட்ரோவில் ஏறினா அடுத்த ஸ்டேஷனே அரசினர் தோட்டம். இறங்கினா நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க, பெரும்பாலான கடை மூடியிருக்கும். ரிட்சி ஸ்ட்ரீட்னு ஒரே தெருவோட நின்னுடாம நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருன்னு உள்ளேயும் சுத்துங்க.

முதல் கடையிலேயே வாங்காதீங்க. நாலு கடையில் ஒரே மாடலுக்கு விலை கேட்டுட்டு டீ குடிங்க. அப்புறம் திரும்பிப் போய் கேட்க வேண்டிய கேள்வி விலை இல்லை.

"அண்ணே, டெஸ்டிங் வாரன்டி எத்தனை நாள் கொடுப்பீங்க?"

"பழைய பொருளுக்கு வாரன்டி எல்லாம் கிடையாது தம்பி. ஓடுதான்னு இங்கேயே பார்த்துக்க."

"ஒரு வாரம் மட்டும் எழுதிக் கொடுங்கண்ணே, ஐநூறு கூட வச்சுக்கங்க."

இந்த ஐநூறு வீண் இல்லை. எழுதிக் கொடுக்கிற கடை, தன் பொருள்மேல் கொஞ்சமாவது நம்பிக்கை இருக்கிற கடை. பில்லில் சீரியல் நம்பரும் தேதியும் இருக்கணும். தனி ஆள்கிட்ட வாங்கினாலும் பழைய பில், இல்லேன்னா அவர் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு வாங்குங்க. திருட்டுப் பொருள்னு நம்பக் காரணம் இருந்தும் வாங்கினா, பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவுப்படி வாங்கினவர் மேலேயும் கேஸ் வரும். அஞ்சாயிரம் ரூபாய் கார்டை ரெண்டாயிரத்துக்கு, பில் இல்லாம, அவசர அவசரமா ஒருத்தர் தள்ளிவிடப் பார்த்தா ஒதுங்கிடுங்க.

டெஸ்ட்: ஒரு ராத்திரி வேலை

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை தூசி. நம்ம வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் லாரி கிளப்புற புழுதி தெரியும்தானே, ஆபீஸ் மெஷினும் அதே மாதிரிதான் வரும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடிச்சுக்கோங்க, இஷ்டத்துக்குச் சுத்தினா பேரிங் போயிடும். பிராசஸருக்குப் புது தெர்மல் பேஸ்ட் போடுங்க, பயாஸ் பேட்டரியை மாத்துங்க. பிராசஸரை வெளியே எடுக்க நேர்ந்தா, இன்டெல் போர்டில் சாக்கெட்டின் பின்கள் வளையாம பார்த்துக்கோங்க. அவை மதர்போர்டில் இருக்கு.

அப்புறம் வரிசையா:

1. மெம்டெஸ்ட்86, ராத்திரி முழுக்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ரேம் ஸ்டிக் வேண்டாம்.

2. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. ஹார்டு டிஸ்க்கில் 05, சி5, சி6 மூணுக்கும் எதிரே பூஜ்யம் இருக்கணும். எஸ்எஸ்டியில் மிச்சமுள்ள ஆயுள் சதவீதத்தைப் பாருங்க.

3. பிராசஸருக்கு சினிபெஞ்ச் அரை மணி நேரம் திரும்பத் திரும்ப. சூடு எங்கே நிக்குதுன்னு எச்டபிள்யூ இன்ஃபோவில் குறிச்சுக்கோங்க.

4. கார்டுக்கு ஃபர்மார்க் 15 நிமிஷம், ஓசிசிடியில் விராம் டெஸ்ட். ஆர்எக்ஸ் கார்டா இருந்தா எச்டபிள்யூ இன்ஃபோவில் ஜிபியூ மெமரி எரர் எண்ணிக்கை ஏறுதான்னு பாருங்க.

5. கடைசியா நிஜமான கேம், தொடர்ந்து ரெண்டு மணி நேரம். பெஞ்ச்மார்க்கில் பாஸ் ஆகி கேமில் ஃபெயில் ஆகிற கார்டு நிறைய உண்டு.

ரேம் விஷயத்தில் ஒரு 16 ஜிபி ஸ்டிக்கை விட ரெண்டு 8 ஜிபி நல்லது. டிடிஆர்4 2666-ல் ஒரு சேனல் நொடிக்கு 21.3 ஜிபி தரும். ரெண்டு சேனல்னா அதில் இருமடங்கு. எமுலேட்டரில் விளையாடுறவங்களுக்கு விக்கிறீங்கன்னா பயாஸில் வெர்ச்சுவலைசேஷனை ஆன் பண்ணிடுங்க. ஆபீஸ் மெஷின் பலதில் அது ஆஃப்லதான் இருக்கும்.

பழைய டிஸ்க்கில் முந்தைய கம்பெனியோட ஃபைல் இருக்கலாம். குயிக் ஃபார்மேட் அடிச்சா அழியாது, ரெக்கவரி சாஃப்ட்வேரில் அப்படியே திரும்பி வரும். ஹார்டு டிஸ்க்கை முழுசா பூஜ்யம் எழுதி அழியுங்க. எஸ்எஸ்டிக்கு செக்யூர் இரேஸ். உள்ளே என்ன இருக்குன்னு எட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

இப்போ காசு கணக்கு

கீழே இருக்கிற விலை எல்லாம் கணக்குப் புரியறதுக்கான உதாரணம் மட்டும். நீங்க வாங்குற அன்னிக்கு விலை வேறயா இருக்கும்.

8-ஆம் தலைமுறை டவர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டியோடு: 12,000. ஜிடிஎக்ஸ் 1650: 6,500. கூடுதலா 8 ஜிபி ரேம்: 3,000. பேஸ்ட், பேட்டரி, சில்லறை: 500. போக்குவரத்து: 400. மொத்தம் 22,400. விற்றது 26,000-க்குன்னு வைங்க. கையில் 3,600.

நல்லாயிருக்கேன்னு தோணும். இப்போ நேரத்தைப் போடுங்க. வாங்கப் போனது 8 மணி நேரம், டெஸ்ட் 4, இன்ஸ்டால் 2, ஆள் வந்து பார்த்து பேரம் பேசி முடிக்கிறது 4. மொத்தம் 18. மணிக்கு 200 ரூபாய்.

இன்னும் முடியலை. அஞ்சு பிசி வித்து, அதில் ஒண்ணில் கார்டு போயிடுச்சுன்னு வைங்க. நீங்க நல்லவர், வேற கார்டு மாத்திக் கொடுக்கிறீங்க. 18,000-ல் 6,500 போச்சு. மிச்சம் 11,500, உழைப்பு 90 மணி நேரம். மணிக்கு 128 ரூபாய் கூட இல்லை. அதனாலதான் சொல்றேன், அந்த ஒரு வார டெஸ்டிங் வாரன்டிக்குக் கொடுக்கிற ஐநூறும், ராத்திரி முழுக்க ஓடுற டெஸ்டும்தான் உங்க உண்மையான லாபம்.

இன்னொரு எதிரி நாள். விற்காம ரூமில் ரெண்டு மாசம் கிடந்தா, விலை இறங்கலாம், உங்க 22 ஆயிரமும் முடங்கிக் கிடக்கும். செமஸ்டர் ஃபீஸுக்கு வச்ச காசைப் போட்டு இதில் இறங்கவே கூடாது. முதல் பிசியை ஒரு நண்பனுக்கு, அவன் காசில், லாபம் இல்லாம பண்ணிக் கொடுங்க. கை பழகும், பேரும் வரும். வரி விஷயம் கேட்பீங்க: மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பொதுவா ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் ஆன்லைன் விற்பனைத் தளம் வழியா கடை போட்டு விற்றா விதி வேற, விசாரிச்சுட்டு இறங்குங்க.

விற்கும்போது

உங்களுக்கும் மத்தவங்களுக்கும் இருக்கிற ஒரே வித்தியாசம் ஒரு பேப்பர். அதில் இதையெல்லாம் எழுதுங்க: ஒவ்வொரு பார்ட்டும் புதுசா பழசா, சீரியல் நம்பர், டெஸ்ட் ரிசல்ட், கேமில் வந்த சராசரி எஃப்பிஎஸ் எந்த செட்டிங்கில், எத்தனை நாள் நீங்க பொறுப்பு. மைனிங்கில் ஓடின கார்டுன்னு தெரிஞ்சா அதையும் எழுதுங்க. 6-ஆம் தலைமுறை மெஷின்னா "விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா கிடையாது"ன்னு எழுதுங்க. ஒளிச்சா ஒரு தடவை விற்கலாம். சொன்னா விலையில் ஐநூறு குறையும், ஆனா வாங்கினவர் அடுத்த ஆளைக் கூட்டிட்டு வருவார். படப்பை, மணிமங்கலம், முடிச்சூர் சுத்து வட்டாரம் சின்னது. நல்ல பேரும் கெட்ட பேரும் அடுத்த வாட்ஸ்அப் குரூப்புக்குப் போக அரை நாள் போதும்.

டெலிவரிக்கு பைக்கில் கொண்டுபோறதா இருந்தா கார்டைக் கழட்டித் தனியா எடுத்துட்டுப் போங்க, ஸ்பீடு பிரேக்கரில் ஸ்லாட் உடையும். வாங்கறவர் வீட்டில் மூணு பின் பிளக்கில் எர்த் இருக்கான்னு பாருங்க. எர்த் இல்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டா சுர்ருன்னு இழுக்கும். எஸ்எம்பிஎஸ் ஃபில்டரில் இருக்கிற ரெண்டு கெப்பாசிட்டர் சேர்ந்து கேபினெட்டைப் பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் அளவில் நிறுத்தும். கரன்ட் மிகக் குறைவு, ஆனா அந்த சுருக் ஒரு எச்சரிக்கை. நிஜமாவே உள்ளே ஒரு வயர் கேபினெட்டில் பட்டா, காப்பாத்த அந்த வீட்டில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லிட்டு வாங்க. இதைச் சொல்ல காசு ஆகாது.

செத்துப்போன போர்டு, கார்டையெல்லாம் குப்பைத்தொட்டியில் போடாதீங்க. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் இருக்காங்க, அவங்ககிட்ட சேருங்க. வயரை எரிச்சு செம்பு எடுக்கிற இடத்துக்கு நம்ம பொருள் போகக் கூடாது.

மாசம் ஒரு பிசி, அதுக்கு மேலே வேண்டாம். படிப்புக்கு நடுவுல அவ்வளவுதான் ஒழுங்கா டெஸ்ட் பண்ண முடியும். இந்த சனிக்கிழமை நேரம் இருந்தா ரிட்சி ஸ்ட்ரீட் போய், காசே எடுத்துட்டுப் போகாம, நாலு கடையில் விலை மட்டும் கேட்டுட்டு வாங்க. பாதிப் பாடம் அதிலேயே முடிஞ்சிடும்.